விலகாமல் வாங்கிய அடி

பகவதிப்பெருமாளுக்கு மேலே உட்கார்ந்தவர்களில் அவரை அடிக்காதவர் ஒருவர்தான். ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் சுசீலாபாய். அந்த அம்மாளும் ஒருமுறை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அவர் முகத்துக்கு நேரே வீசியிருக்கிறார். ஆனால் அது பைண்டிங் செய்யாத பிரதி. காற்றிலேயே பிரிந்து பறந்துவிட்டது. அதனால் பெருமாள் அதை அடிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மற்றபடி கணக்கு நீளம். மலையாளச் சீமையில், கரமனையில் பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா சாலை பஜாரில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதினார். பிள்ளையை அடிப்பது எப்போதும் இடது கையால்; வலது கையில் பேனா இருக்கும், மை சிந்திவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் விசில் கயிற்றைச் சுழற்றி முழங்காலில் விடுவார். முதல் வேலை ஒரு சீட்டுக் கம்பெனியில். அங்கே மேனேஜர் வீசிய ஸ்டாப்ளர் இடது புருவத்தைக் கிழித்து, வாழ்நாளுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டை விட்டுச் சென்றது. மறுநாள் அதே மேனேஜர் கம்பெனியின் சிறந்த நிர்வாகி என்று கேடயம் வாங்கினார். கைதட்டியவர்களில் பெருமாளும் உண்டு. தலையில் கட்டோடு.

இத்தனை அனுபவத்தில் ஒரு வித்தை கைவந்திருந்தது. அடிக்கப் போகிறவனுக்கே தெரியும் முன்னால் பெருமாளுக்குத் தெரிந்துவிடும். அறை விழுவதற்கு முன் தோள் ஒரு நூல் உயரும். எறிவதற்கு முன் கண் பொருளைத் தேடும். உதைக்கப் போகிறவன் ஒரு மூச்சு நிறுத்துவான். அந்த நேரத்துக்குள் பெருமாள் அரை அடி நகர்ந்திருப்பார். அடிக்கிறவர் காற்றை அடித்துத் தோளைச் சுளுக்கிக்கொண்டு போவார். பெருமாள் மட்டும் யாரையும் அடித்ததில்லை. "கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவாரு" என்பாள் மனைவி ஸ்ரீப்ரியா. அதில் பாராட்டு எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்படிப்பட்டவர், தனியார் கல்லூரியொன்றில் மேலாண்மைப் பாடம் நடத்திக்கொண்டே, நாற்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். தலைப்பு, 'நிறுவனங்களில் அறம்சார்ந்த தலைமை'. பசித்தவன் சமையல் புத்தகம் படிப்பதுபோலத்தான்.

ஆய்வுக்கு ஒரு நிறுவனம் வேண்டும். கிடைத்தது பழவங்காடி லிங்கராஜ் அண்ணாச்சியின் சைவ ஓட்டல். ஊரில் வேறு இரண்டு கிளைகளும் உண்டு. திருநெல்வேலிப் பக்கமிருந்து மேசை துடைக்க வந்து, பழைய முதலாளியிடம் கரண்டியடி வாங்கியே வளர்ந்து, அதே ஓட்டலை விலைக்கு வாங்கியவர் அண்ணாச்சி. முதல் பந்தி வேலைக்காரர்களுக்கு, அப்புறம்தான் வாடிக்கைக்காரர்களுக்கு. சம்பளம் ஒன்றாம் தேதி விடிவதற்குள் கையில். எவன் வீட்டில் சாவு என்றாலும் வண்டி பிடித்து முதல் ஆளாகப் போய் நிற்பார். பொய் மட்டும் ஆகாது. பழைய சட்னியைப் புதுச் சட்னி என்று சொன்ன சப்ளையரின் தலையில் அந்தச் சட்னியை வாளியோடு கவிழ்த்து, வாளிமேல் கரண்டியால் ஓங்கி அடித்தார். பையனுக்கு ஒரு வாரம் காது கேட்கவில்லை. அந்த வாரச் சம்பளத்தை அண்ணாச்சி பிடிக்கவில்லை.

பெருமாள் கேள்வித்தாளை ஊழியர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து வாங்கினார். 'என் முதலாளி கோபத்திலும் நியாயம் தவறுவதில்லை' என்பதுபோல வரிசையாக வாக்கியங்கள். ஒன்று என்றால் கொஞ்சமும் ஒப்பவில்லை, ஐந்து என்றால் முழுக்க ஒப்புகிறேன். தாளின் தலையிலேயே ரகசியம் காக்கப்படும் என்று அச்சடித்திருந்தது.

வீட்டில் போய் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அது கணக்கெடுக்க மறுத்தது. எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். எண்ணுக்கு எண் வித்தியாசமே இல்லாவிட்டால் புள்ளியியலில் எதையும் எதோடும் பொருத்திப் பார்க்க வழியில்லை. ஆய்வாளனைப் பொறுத்தவரை முழுத் திருப்தியும் வெற்றுத்தாளும் ஒன்றுதான்.

மறுநாள் காலை டிபன் கூட்டம் ஓய்ந்த நேரம், அண்ணாச்சி கல்லாவிலிருந்து கேட்டார்.

"என்ன சார், நமக்கு எத்தன மார்க்கு?"

"ஆளாளுக்குப் பிரிச்சுச் சொல்லக் கூடாது அண்ணாச்சி. ரூல் உண்டு."

"பிரிக்காண்டாம். மொத்தமாச் சொல்லும்."

"மொத்தத்துல... எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு."

தனியாக எவன் பெயரையும் சொல்லவில்லை என்பது பெருமாளுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாரும் என்றால் அதில் ஒவ்வொருத்தனும் உண்டு என்ற சின்ன விஷயம் படித்த மூளைக்கு எட்டவில்லை.

அண்ணாச்சியின் முகம் மலரவில்லை. "எல்லாருமா? இசக்கிப்பாண்டியுமா? முந்தாநாள்தான் அவன் மூஞ்சியில சாம்பார் வாளியால அடிச்சேன். உதடு கிழிஞ்சு தொங்குச்சு. அவனுமா அஞ்சு போட்டான்?"

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பெருமாளுக்குள்ளிருந்த ஆராய்ச்சிக்காரர் பேசிவிட்டார். "அதான் எனக்கும் சங்கடம் அண்ணாச்சி. எல்லாரும் ஒண்ணுபோல போட்டா கணக்கே நிக்காது. கொஞ்சம் உள்ளத உள்ளபடி எழுதச் சொன்னீங்கன்னா உபகாரமா இருக்கும்."

"உள்ளத உள்ளபடி." அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். "சொல்லுதேன்."

சமையலறையில் எல்லாரையும் சுவரோரம் நிறுத்தினார். "சோறு போட்டு வளத்தா, எனக்கே பொய் எழுதிக் குடுக்கியளாலே?" என்று தொடங்கினார். முதல் சுற்று வெறுங்கையால். சப்ளையர் ஒருவனின் மூக்கிலிருந்து ரத்தம் பனியனில் இறங்கியது. காய்கறி வெட்டுகிறவன் அம்மிமேல் விழுந்து முன்பல்லைத் துப்பினான். இரண்டாம் சுற்றுக்குக் கை வலித்திருக்க வேண்டும், நீளச் சாம்பார்க் கரண்டியை எடுத்துக்கொண்டார். பெண்களை அடிப்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே பாத்திரம் தேய்க்கும் மாடம்மாளுக்குப் பக்கத்திலிருந்த அண்டாவை அடித்தார். அண்டா ஒடுங்கியது. மாடம்மாள் கீழே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் தோசைக்கல்லுக்கு வந்தார். இசக்கிப்பாண்டி கல்லை விட்டு நகரவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"எந்தக் கையாலலே அஞ்சு போட்ட?"

"அண்ணாச்சி, எங்கம்மைக்குக் கண்ணு ஆப்பரேசனுக்கு நீங்கதானே..."

"எந்தக் கைன்னு கேட்டேன்."

இசக்கிப்பாண்டி வலது கையைக் காட்டினான். பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் இடது கையைக் காட்டியிருப்பான். அண்ணாச்சி மணிக்கட்டைப் பிடித்துக் கல்லில் வைத்து அமுக்கினார்.

மாவு ஊற்றும்போது வருகிற அதே சத்தம்தான் வந்தது. வெளியே பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அந்தச் சத்தத்துக்குள் இசக்கிப்பாண்டியின் அலறல் போய் விழுந்தது. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கல்லோடு தங்கிவிட்டது.

பெருமாள் வாசற்படியில் பேனாவும் கையுமாக நின்றார். களத்தில் ஆய்வாளர் குறுக்கிடமாட்டார், பார்வையாளராக மட்டுமே இருப்பார் என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். எழுதியபடி நடந்துகொண்ட ஒரே தடவை அதுதான்.

அடுத்த நொடி அண்ணாச்சியே ஒரு குடம் தண்ணீரை அந்தக் கைமேல் கவிழ்த்து, வாழையிலையைச் சுற்றி, அவனைப் பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். "உள்ளதச் சொல்லியிருந்தா விட்டுருப்பேனேலே" என்று வழியெல்லாம் அழுதாராம். மெடிக்கல் காலேஜில் டாக்டர் கேட்டதற்கு, "வழுக்கிக் கல்லுல கைய ஊணிட்டான்" என்றார். இசக்கிப்பாண்டியும் ஆமாம் என்று தலையாட்டினான்.

மறுநாள் கேள்வித்தாள்கள் எல்லாம் புதிதாக நிரப்பப்பட்டுப் பெருமாளிடம் வந்து சேர்ந்தன. இந்தமுறை எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் மறுபடியும் கணக்கெடுக்க மறுத்தது.

இரண்டு வாரம் கழித்து இசக்கிப்பாண்டியின் மனைவி இசக்கிசெல்வி கரமனைக்குப் பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்குள் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நீங்க பாத்தியள்லா?"

பெருமாள் கேட்டின் தாழ்ப்பாளை விலக்கினார்.

"மூணு வெரலு ஒண்ணோடொண்ணு ஒட்டிப்போச்சு. இனித் தோசை திருப்பச் சட்டுவம் பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லுதாவ. இவுக என்னன்னா வழுக்கிட்டேன்னே சாதிக்காக. அங்க உள்ளவன் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அவரு சோத்தத் திங்கவன். நீங்க ஒருத்தர்தான் வெளியாளு."

கேள்வித்தாள் வேலை நடந்த வாரங்களில் தினமும் ஓசியில் சாப்பிட்ட மசாலா தோசைகள் பெருமாளின் நினைவுக்கு வந்தன. எல்லாம் இசக்கிப்பாண்டி சுட்டவை.

"எங்க மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்மா," என்றார்.

"ஓ," என்றாள் செல்வி. "உங்களுக்கும் முதலாளி உண்டோ?"

சுசீலாபாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமாள் தன்னையறியாமல் அவர் தோளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"பாவம் அந்தப் பையன்," என்றார் மேடம், மலையாளம் கலந்த தமிழில். "பட்சே பெருமாளே, எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒப்பு போட்டுக் குடுத்தது நீங்களல்லே? களத்துல பாக்கதும் கேக்கதும் மூணாமத்த ஒரு ஆளுகிட்டச் சொல்லமாட்டேன்னு. போலீஸு மூணாமத்த ஆளுதானே?"

"அப்போ அவன் கை, மேடம்?"

"கையப்பத்தி ஃபாரத்துல ஒண்ணுமில்லயே. நாம சட்டத்துக்கு வெளிய போகக் கூடாது, கேட்டோ? எத்திக்ஸ் பாத்தா வாயத் தொறக்கக் கூடாது. இன்னொண்ணும் உண்டு. ஒரு தடவை டைம் நீட்டி வாங்கியாச்சு. இந்த மார்ச்சுக்குள்ள ஏடு குடுக்கலேன்னா ரெஜிஸ்ட்ரேஷன் போச்சு. அந்த ஆளு சம்மதத்த வாபஸ் வாங்கினா உங்க கையில என்ன உண்டு? மத்த ரெண்டு கிளையிலயும் போயி ஒழுங்கா டேட்டா எடுக்கப் பாருங்க. மனசிலாச்சா?"

மனசிலானது. பட்டம் வேண்டுமென்றால் வாயை மூட வேண்டும். அதிலும் வாயை மூடச் சொல்வது அறம். இவ்வளவு வசதியான அறம் பெருமாளுக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. ஆனால் ஆற்றுப்பாலம் வருவதற்குள் தலைக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது. பார்ப்பதையும் கேட்பதையும் சொல்லக் கூடாது, சரி. தன் உடம்பில் விழுவதைச் சொல்லக் கூடாதென்று எவனும் கையெழுத்து வாங்கவில்லை. அடி வாங்கியவன் அடி வாங்கினேன் என்று புகார் கொடுக்கலாம். எதற்கு அடித்தான் என்று போலீஸ் கேட்கும். கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்!

சீச்சீ, என்று அந்த யோசனையைத் தள்ளிவிட்டு இறங்கினார். மறுநாள் காலை எட்டரைக்குப் பழவங்காடியில் இருந்தார்.

டிபன் கூட்டம் நெரிந்தது. தோசைக்கல்லில் புது ஆள். அண்ணாச்சி கல்லாவில், சாமி படத்துக்கு முன்னால் பித்தளை விளக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாரும் சார். இப்ப மார்க்கு சரியா வந்திருக்கா?"

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி. பொய் எழுதினான்னுதானே அவன் கையக் கல்லுல வச்சீங்க?"

"ஆமா. அதுக்குண்டான பாவத்த நானே சுமக்கேன். ஆஸ்பத்திரிச் செலவு பூரா என்னது."

"ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்தான்னு சொன்னது யாரு?"

அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் ஒருவர் வடையைப் பாதியில் நிறுத்தினார்.

"சார். போய் உக்காந்து ஒரு தோசை சாப்பிடும். அப்புறம் பேசுவோம்."

பெருமாள் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்திருந்தார். குரல்தான் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"உங்க கைய எந்தக் கல்லுல வைக்கது அண்ணாச்சி?"

தோள் ஒரு நூல் உயர்ந்தது. பெருமாள் பார்த்தார். கண் பித்தளை விளக்குக்குப் போனதையும் பார்த்தார். நகர்வதற்கு நேரம் தாராளமாக இருந்தது. கால்கூடப் பழக்கத்தில் அரை அடி விலகப் பார்த்தது. அதைத் தரையோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

விளக்கின் அடிப்பாகம் இடது புருவத்தில், பழைய வெள்ளைக்கோட்டின் மேலேயே இறங்கியது. கண்ணுக்குள் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. இரண்டாவது அடி தாடையில். பல் ஒன்று நாக்கின்மேல் புரண்டது. மேசைமேல் சரிந்து சாம்பார்க் கிண்ணங்களோடு கீழே விழுந்தார். அப்புறம் கால். விலாவில் ஏதோ ஒடிந்த சத்தம் வெளியே கேட்டதா உள்ளே கேட்டதா என்று தெரியவில்லை. "என்னயப் பாத்துப் பொய்யன்னு சொல்லுதியா? என்னயவா?" என்று ஒவ்வொரு உதைக்கும் அண்ணாச்சி கேட்டார். உண்மையில் பெருமாள் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. சப்ளையர்கள் நாலுபேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் அவர் ஓய்ந்தார். அதில் ஒருவனுக்கும் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

தரையில் கிடந்தபடி பெருமாளுக்கு வினோதமான ஒரு நிதானம் வந்தது. இதுவரை வாங்கிய அடியெல்லாம் எதற்கென்றே தெரியாமல் வாங்கியவை. இது தெரிந்து வாங்கியது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஸ்ரீஜித் இளவயசுக்காரர். மலையாளத்தில்தான் கேட்டார், எதற்கு அடித்தான் என்று. தலையில் தையலும் விலாவில் கட்டுமாகப் பெருமாள், கேட்டதற்குப் பதில் சொன்னார். தோசைக்கல், கை, மணிக்கட்டு, எல்லாம் சொன்னார். கேள்வித்தாளைப் பற்றித் தான் அண்ணாச்சியிடம் கல்லாவில் நின்று பேசியதையும் விடவில்லை. அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

இசக்கிப்பாண்டியை வரவழைத்தார்கள். கூடச் செல்வியும் வந்தாள். அவன் பெருமாளின் பக்கம் திரும்பவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றுகொண்டான். கைக்கட்டு முழங்கை வரை இருந்தது.

"பறயெடோ. எங்ஙனயா கை பொள்ளியது?" என்று எஸ்.ஐ. அவனிடம் கை வெந்த கதையைக் கேட்டார்.

"சார்... நானா வழுக்கி..."

பெருமாளின் பார்வை அனிச்சையாக எதிர் பெஞ்சுக்குப் போனது. அண்ணாச்சியின் தோள் ஒரு நூல் உயர்ந்தது.

அந்தப் பொய் அவரைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவரே சொல்லிக்கொடுத்த பொய். இருந்தாலும் பொய் காதில் விழுந்ததும் கை தன்பாட்டுக்கு எழுந்துவிட்டது. எழுந்து, எஸ்.ஐ.யின் மேசைக்கு முன்னால் விரிந்த உள்ளங்கையோடு அந்தரத்தில் நின்றது. இசக்கிப்பாண்டி கட்டுப்போட்ட கையால் தலையை மூடிக்கொண்டு குனிந்தான்.

எஸ்.ஐ. அந்தக் கையைப் பார்த்தார். குனிந்தவனையும் பார்த்தார். "கை தாழ்த்தடோ," என்றார் மெதுவாக.

அண்ணாச்சி தன் கையையே புதிதாகக் காண்பவர்போலப் பார்த்து, அதை மடியில் இறக்கினார். அப்புறம் அவர்தான் பேசினார். "உள்ளதச் சொல்லித் தொலையேம்லே."

இசக்கிப்பாண்டி சொன்னான். நின்றுகொண்டே, விட்டுவிட்டு, அம்மையின் கண் ஆப்பரேசனையும் சேர்த்து.

இதன் பிறகு தர்மம் வென்றது என்று எழுத ஆசைதான். அண்ணாச்சி ஒரு வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கு வஞ்சியூர் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நகர்கிறது. ஓட்டலில் இன்னமும் கூட்டம். சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார் என்றும், வசவு இரட்டிப்பாகிவிட்டது என்றும் மாடம்மாள் சொல்கிறாள். பெருமாளுக்கு எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அண்ணாச்சி சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். மார்ச் போயிற்று, கூடவே பதிவும் போயிற்று. கல்லூரியில் அவர் இப்போதும் தலைமைப் பண்புகள் பாடம் நடத்துகிறார், டாக்டர் என்ற அடைமொழி இல்லாமல். சுசீலாபாய் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சோடு வந்து, "நீங்க விலகியிருக்கலாமே பெருமாளே, நல்லா விலகுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். எப்படித் தெரியும் என்று பெருமாள் கேட்கவில்லை.

இசக்கிப்பாண்டியும் செல்வியும் கரமனை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் தெருவோரமாகத் தட்டுக்கடை போட்டிருக்கிறார்கள். மாவு அவள் ஊற்றுவாள், இடது கையால் திருப்புவது அவன். வெகுநாள் அவன் பெருமாளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பேசியபோதும், "நீங்க கல்லாவுல வாயத் தொறக்காம இருந்தா எனக்குக் கை இருந்திருக்கும்," என்றுதான் ஆரம்பித்தான். பெருமாள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகும் தினமும் போகிறார், காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்.

ஒருநாள் சாயங்காலம் இசக்கிப்பாண்டி தட்டை வைத்துவிட்டு நின்றான்.

"எத்தன மார்க்கு சார்?"

தோசை ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல், தேசப்படம்போல இருந்தது.

"அஞ்சுக்கு அஞ்சு," என்றார் பெருமாள்.

சட்டுவம் பிடித்த இடது கையின் தோள் ஒரு நூல் உயர்ந்தது. இந்தத் தடவை பெருமாள் அரை அடி விலகிக்கொண்டார்.

"ரெண்டு," என்றார் அவசரமாக.

"அப்படிச் சொல்லுங்க," என்று சட்டுவத்தை இறக்கினான் இசக்கிப்பாண்டி. "ஏ செல்வி, சாருக்கு இன்னொண்ணு ஊத்து. இது எதுக்கும் ஆகாது."